ஹோர்ன்பி டப்லோ தகர வேகன்கள்: முதலில் அடியைப் புரட்டிப் பாருங்கள்

பழைய பொம்மை ரயில் சேர்க்க வேண்டும், எதில் தொடங்குவது என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். எஞ்சின் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள், ஹோர்ன்பி டப்லோ என்ற பழைய இங்கிலாந்துப் பொம்மை ரயிலின் தகரக் கூட்ஸ் வேகன் ஒன்றை வாங்குங்கள். அதிலும் அரிதானது வேண்டாம், எல்லோரும் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிற அந்தச் சாதாரணத் திறந்த வேகனே போதும். ஒரே வேகனை இருபது வருஷம் விதவிதமாகச் செய்த ஒரு தொழிற்சாலையின் கதை முழுக்க அதன் அடியில் இருக்கிறது, அதைப் படிக்கப் பெரிய காசும் தேவையில்லை.

இலங்கையில் நம் மலைநாட்டில் இவை எப்படிக் கிடைக்கின்றன என்று வெளியூர்க்காரர் ஆச்சரியப்படுவார்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வெள்ளைத் துரைமார் இருந்த பங்களாக்களில் பிள்ளைகளுக்கென்று இங்கிலாந்திலிருந்து விளையாட்டுச் சாமான் வந்து இறங்கியது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போனபோது பங்களாச் சாமான்களும் கை மாறின. கொஞ்சம் ஏலத்தில் போனது, கொஞ்சம் பங்களாவில் வேலை பார்த்த அப்புமார் வீட்டுக்கு வந்தது, மீதி பழைய சாமான் கடைகளில் கோப்பைகளுக்கும் மேசை விளக்குகளுக்கும் இடையில் இன்றைக்கும் அகப்படுகிறது. கடைக்காரர்கள் எஞ்சினுக்கு வாய்க்கு வந்த விலை சொல்வார்கள். வேகன்களை ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி வைத்திருப்பார்கள். நாம் பார்க்க வேண்டியது அந்த டின்னைத்தான்.

சாமானைப் பற்றிச் சொல்கிறேன். லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ கம்பெனி 1938இல் ஹோர்ன்பி டப்லோவைக் கொண்டுவந்தது. கம்பெனியைத் தொடங்கிய பிராங்க் ஹோர்ன்பி அதைப் பார்க்க இல்லை, 1936இலேயே இறந்துவிட்டார். தண்டவாள அகலம் 16.5 மில்லிமீற்றர், நிஜ வண்டியின் ஓர் அடி நீளத்துக்கு 4 மில்லிமீற்றர் என்ற அளவில் வண்டி, நடுவில் மின்சாரம் ஓடும் மூன்றாவது தண்டவாளம், 12 வோல்ட். வேகனின் அடிச்சட்டம் துத்தநாகக் கலவையில் வார்த்தது, மேலே உடம்பு மெல்லிய தகரம். பலகை, கீல், ஆணி, எழுத்து எல்லாம் தகரத்திலேயே அச்சடித்த படம், அதை வெட்டி மடித்துச் செய்திருக்கிறார்கள். விரலால் தடவினால் வழுவழுவென்று இருக்கும், கண்ணுக்கு மட்டும் மரப்பலகை மாதிரி தெரியும். இந்த அச்சு வேலையின் தரம் எனக்கு இன்றுவரை சலிக்கவில்லை. எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும், ஈரம் படாமல் இருந்த வேகனில் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது.

இனி அடியைப் புரட்டுங்கள். நான் முதலில் பார்ப்பது கப்ளிங், அதாவது ஒரு வேகனை இன்னொன்றோடு மாட்டும் கொக்கி. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வேகனில் தட்டையான ஸ்பிரிங் தகடு இருக்கும். போர்க்காலத்தில் பின்ஸ் ரோடு பொம்மையை விட்டுவிட்டு யுத்த வேலைக்குப் போனது. திரும்ப டப்லோ சந்தைக்கு வந்தபோது பெக்கோ கம்பெனியின் வடிவமைப்பில் வேறு கப்ளிங் வந்துவிட்டது: ஒன்றோடொன்று மோதினால் தானாக மாட்டிக்கொள்ளும், தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் சின்ன மேட்டின் மேல் போனால் தூக்கிக் கழன்றுவிடும். ஆக கப்ளிங்கை ஒரு தடவை பார்த்தாலே வேகன் போருக்கு முந்தியதா பிந்தியதா என்று பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், பழைய வேகனுக்குப் புதுக் கப்ளிங் போட்டு ஓட்டியவர்களும் உண்டு, அதனால் அடுத்ததையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது சக்கரம். ஆரம்பத்திலிருந்து உலோகச் சக்கரம்தான். ஐம்பதுகளின் பிற்பகுதியில் பிளாஸ்டிக் சக்கரம் வருகிறது. இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. 1959இல் டப்லோ மூன்று தண்டவாளத்தோடு இரண்டு தண்டவாள முறையையும் விற்கத் தொடங்கியது. இரண்டு தண்டவாளத்தில் ஒரு பக்கம் நேர், மறு பக்கம் எதிர், அதன் மேல் உலோகச் சக்கரமும் உலோக அச்சும் உள்ள வேகனை வைத்தால் இரண்டும் தொட்டுக் கரண்ட் அடிபட்டுப் போகும். இன்றைக்குக் கடையில் விற்கும் புதுத் தண்டவாளத்தில் ஓட்டுவதற்காக வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: உலோகச் சக்கர வேகனை அதில் வைக்கவே கூடாது, பிளாஸ்டிக் சக்கரம் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். கப்ளிங்கும் இப்போதைய வண்டிகளோடு மாட்டாது. ஓட்ட வேண்டும் என்றால் டப்லோவை டப்லோவோடு ஓட்டுவதே நல்லது.

அப்புறம் எழுத்து. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. முந்திய வேகன்களில் அப்போது இங்கிலாந்தில் இருந்த நாலு பெரிய ரயில் கம்பெனிகளின் எழுத்துகள் இருக்கும்: எல்.எம்.எஸ்., என்.ஈ., ஜி.டபிள்யூ., எஸ்.ஆர். 1948 ஜனவரி முதலாம் திகதி அந்தக் கம்பெனிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்து பிரிட்டிஷ் ரயில்வே ஆக்கிவிட்டது. ஆனால் டப்லோ வேகன்களில் 1953வரை பழைய கம்பெனி எழுத்தே அச்சாகிக்கொண்டிருந்தது. நிஜத்தில் இல்லாமல் போன கம்பெனிகள் ஐந்து வருஷம் பொம்மையில் உயிரோடு ஓடியிருக்கின்றன. அந்த ஐந்து வருஷத்து வேகனைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: மேலே பழைய எழுத்து, கீழே பெக்கோ கப்ளிங், உலோகச் சக்கரம். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். என் அபிப்பிராயத்தில் டப்லோ தகர வேகனில் மிகச் சிறந்த கட்டம் அதுதான். உலோகம் நல்லது, அச்சு நல்லது, அதிகம் செய்ததால் விலையும் ஏறவில்லை. சேர்ப்பவர்கள் போருக்கு முந்தியதைத் தேடி ஓடுவதால் இதை விட்டுவிடுகிறார்கள்.

1953க்குப் பிறகு வந்ததில் பிரிட்டிஷ் ரயில்வேயின் வேகன் எண். எண்ணுக்கு முன்னால் எம், ஈ, டபிள்யூ, பி என்று ஒரு எழுத்து நிற்கும். முதல் மூன்றும் எந்தப் பழைய கம்பெனியிலிருந்து வந்த வேகன் என்பதைக் காட்டும், பி என்றால் பிரிட்டிஷ் ரயில்வே தானே கட்டியது. நிஜ வேகனில் இருந்த ஒழுங்கைப் பொம்மையிலும் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் விளையாடும் சாமானில் அந்த அளவுக்கு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பதற்காகவே இந்தக் கம்பெனி மேல் எனக்கு மரியாதை.

எண்ணெய் டாங்கி வேகன்கள் தனி ருசி. அதே அடிச்சட்டத்தின் மேல் தகர உருளை. சிவப்பு நிறத்தில் ராயல் டேலைட் என்று எழுதியது ஒன்று உண்டு, அது அங்கே விளக்குக்கு விற்ற மண்ணெண்ணெயின் பெயர். தோட்டத் தொழிலாளர் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் படித்து வந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு டாங்கி மேல் ஒரு ஒட்டுதல் வரும், எனக்கு வந்தது. பிந்திய ராயல் டேலைட்டில் எஸ்ஸோ என்ற பெயரும் சேர்ந்திருக்கும். வாக்குவம் என்று எழுதிய இன்னொரு சிவப்பு டாங்கி பிறகு மொபில் ஒயில் ஆனது. நிஜக் கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டதால் பொம்மையும் மாற்றிக்கொண்டது. டாங்கிகளை வரிசையாக வைத்தால் ஐம்பதுகளின் எண்ணெய் வியாபாரம் எப்படிப் போனது என்பதே தெரியும். விலை திறந்த வேகனைவிடக் கூட, ஆனால் நியாயம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெரிய குறை போருக்கு முந்திய வார்ப்பில். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற கலப்படம் சிறிதளவு இருந்தாலே காலப்போக்கில் உலோகம் உள்ளுக்குள்ளேயே வெடித்து, வீங்கி, வளைந்து, கடைசியில் கையில் பொடியாக உதிரும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக நடக்கும். நம் ஊர் பனியும் மழையும் அதற்கு நல்லதல்ல. மேலே தகரம் பளபளவென்று இருக்கும், அடிச்சட்டத்தில் மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருக்கும். இதற்கு மருந்து கிடையாது, பசை போட்டாலும் நிற்காது. ஆகவே போருக்கு முந்தியது என்று சொன்னாலே வேகனை ஒரு கண்ணாடியின் மேல் வைத்துப் பாருங்கள், நாலு சக்கரமும் சமமாக உட்கார வேண்டும். ஆடினால் விலை பேசவே வேண்டாம். போருக்குப் பிந்தியதில் இந்த நோய் வெகு குறைவு, நான் 1948 முதல் 1953வரை உள்ளதைச் சிபாரிசு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, உடம்பை மாற்றிய வேகன்கள். தகர உடம்பைச் சட்டத்தோடு பிடித்திருப்பது சின்னச் சின்னத் தகர நாக்குகள். அடியில் துவாரத்தின் வழியாக வந்து மடங்கியிருக்கும். தொழிற்சாலையில் ஒரே தடவை மடித்த நாக்கு நேராக, பெயின்ற் உடையாமல் இருக்கும். பிறகு யாரோ நிமிர்த்தித் திரும்ப மடித்திருந்தால் மடிப்பில் வெள்ளைத் தகரம் தெரியும், சில நேரம் நாக்கே முறிந்திருக்கும். என்னோடு சேர்ப்பவர் ஒருவர் கடல்கடந்த விற்பனையாளர் ஒருவரிடம் நல்ல காசு கொடுத்து ஒரு எஸ்.ஆர். வேகன் வாங்கினார், படத்தில் அடி காட்டவில்லை. வந்து பார்த்தால் போருக்கு முந்திய உடம்பு, ஐம்பதுகளின் சட்டம். அடிப்பக்கப் படம் அனுப்பாத ஆளிடம் வாங்காதீர்கள், இதில் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

பெட்டியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அசல் அட்டைப்பெட்டி இருந்தால் நல்லதுதான். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சுக் குறியீடு இருக்கும், மாதமும் ஆண்டும் அதில் சேர்ந்திருக்கும். ஆனால் அது பெட்டி அச்சடித்த திகதி, வேகன் செய்த திகதி என்று எடுத்துவிடக் கூடாது. பண்டாரவளையில் ஒரு முதலாளி என்னிடம், "தம்பி, பெட்டியோட இருக்கு, அதால வெல கூட" என்று இரண்டு மடங்கு கேட்டார். "சரிங்க முதலாளி, பெட்டிய நீங்க வச்சிக்கங்க, வேகன மட்டும் தாங்க" என்றேன். சிரித்துவிட்டு இரண்டையும் நல்ல விலைக்கே கொடுத்தார். புதிதாக அச்சடித்த நகல் பெட்டிகளும் சந்தையில் இருக்கின்றன, அட்டை வெள்ளையாக, மடிப்பு கூராக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

1958 முதல் சூப்பர் டீட்டெயில் என்ற பெயரில் பிளாஸ்டிக் உடம்பு வேகன்கள் வந்தன. தானிய வேகன், சக்ஸா உப்பு வேகன், ஆறு சக்கரப் பால் டாங்கி என்று வகைகள் பெருகின. பலகையும் கீலும் படமாக இல்லாமல் உண்மையாகவே புடைத்து நிற்கும். அளவு சரியாக வேண்டும் என்பவர்களுக்கு இவைதான், ஓட்டமும் அருமை. எனக்குத் தகரத்தின் மேல் உள்ள பிடிப்பு இவற்றின் மேல் வரவில்லை, ஆனால் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. 1964இல் மெக்கானோ, லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பொம்மைக் கம்பெனியின் கைக்குப் போனது, டப்லோவின் வார்ப்பு அச்சுகள் ரென் கம்பெனிக்கு வந்தன. அவர்கள் அதே உடம்புகளில் புதுப்புதுப் பெயர்களை அச்சடித்து 1992வரை விற்றார்கள். அதனால் பிளாஸ்டிக் வேகன் என்றால் அடியில் யாருடைய பெயர் என்பதைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். ரென் வேகன்களிலும் குறைவாகச் செய்த நிறங்களுக்கு நல்ல கிராக்கி, ஆகவே அதை மட்டமாக நினைக்கவும் வேண்டாம்.

ட்ரையாங் என்ற இன்னொரு இங்கிலாந்துப் பொம்மை ரயில் பற்றி இரண்டு வரி. மலிவு, நிறைய அகப்படும். ஆனால் அந்தக் கம்பெனியின் ஆரம்ப காலப் பிளாஸ்டிக் வளைந்து போகும் வகை, உடம்பு வாழைப்பழம் மாதிரி கோணியிருந்தால் அதைத் திருத்த முடியாது. அமெரிக்காவின் லயனல் என்ற பொம்மை ரயில் கம்பெனியின் 6464 வகைப் பெட்டி வேகன்கள் 1953இல் தொடங்கியவை. அங்கே சேர்ப்பவர்கள் வார்ப்பு அச்சின் வகை, பிளாஸ்டிக்கின் நிறம், எழுத்தின் நிழல்வரை பிரித்துப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். 1957இல் பெண்பிள்ளைகளுக்கென்று ரோஸ் நிற எஞ்சினும் வெளிர் நிற வேகன்களும் போட்டார்கள், அப்போது விற்கவில்லை, இப்போது அதற்குத்தான் கிராக்கி. படிக்க நல்ல விஷயம், இங்கே கையில் அகப்படுவது அபூர்வம்.

நம் ரயில் பாதைக்கு இது பொருந்துமா என்று நானுஓயாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அளவில் பொருந்தாது. நம் பெரிய கோச்சிப் பாதை ஐந்தரை அடி அகலம், அடிக்கு 4 மில்லிமீற்றர் என்று போட்டால் 22 மில்லிமீற்றர் வர வேண்டும், டப்லோ 16.5 தான். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஓடி 1948இல் மூடப்பட்ட சின்னப் பாதை இரண்டரை அடி, அதற்கு 10 மில்லிமீற்றர். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது டப்லோ. ஆனால் தோற்றத்தில் பொருந்தும். நாலு சக்கரக் குட்டை வேகன், மூடிய பெட்டி, வாலில் கார்ட் வேன், தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கிய கூட்ஸ் வண்டியின் அதே வடிவம், ஏனென்றால் இரண்டும் ஒரே நாட்டுப் பழக்கத்தில் பிறந்தவை. வளைவில் நாலு சக்கர வேகன்கள் தடுமாறுவதும் இல்லை. டப்லோ வளைவின் ஆரம் 15 அங்குலம்தான், அதில் ஒரு நீளமான கூட்ஸ் வண்டியைச் சுற்றவிட்டுப் பாருங்கள், ஒன்றுகூடக் கழராது.

மலையில் வைத்திருப்பது பற்றி. ஜூன், ஜூலை மழையில் தகரம் துருப்பிடிக்க ஒரு வாரம் போதும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள், நிறம் மாறியதும் பொதியைச் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஸ்பொஞ்சில் சுற்றாதீர்கள், அது வருஷம் போகப் பிசுபிசுத்துப் பெயின்றில் ஒட்டும். பிளாஸ்டிக் வேகன் இருக்கும் டப்பாவில் அந்துருண்டை போடவே கூடாது, பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும். தூசிக்குக் காய்ந்த மெல்லிய தூரிகை, சக்கர அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, இவ்வளவே பராமரிப்பு. எழுத்து அச்சடித்த பக்கத்தில் மண்ணெண்ணெயோ தின்னரோ பட விடாதீர்கள். பழைய வேகனோடு பழைய கரண்ட் பெட்டியும் கொடுப்பார்கள், அதன் ரப்பர் வயர் நொறுங்கியிருக்கும், சுவரில் குத்தாமல் அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஒரு 12 வோல்ட் கன்ட்ரோலர் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை விஷயத்தில் ஒரு கணக்கு மட்டும். இங்கிலாந்தில் சாதாரணத் தகர வேகன் சில பவுண்களுக்கே போகிறது, ஆனால் ஒன்றை மட்டும் தருவித்தால் தபால் செலவு வேகன் விலையைத் தாண்டிவிடும். வெளியிலிருந்து எடுப்பதானால் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே பொதியாக எடுங்கள். இல்லையென்றால் நம் ஊர்க் கடைகளே மேல், கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம், அந்த வசதி எந்தப் படத்திலும் கிடையாது.

என் தரவரிசை இது. 1948 முதல் 1953வரை உள்ள கம்பெனி எழுத்துத் தகர வேகனுக்கு ஐந்துக்கு ஐந்து. பிரிட்டிஷ் ரயில்வே எழுத்து, பிளாஸ்டிக் சக்கரம் உள்ள பிந்திய தகரத்துக்கு நாலு. சூப்பர் டீட்டெயில் பிளாஸ்டிக்குக்கும் நாலு, ஓட்டுவதற்கென்றால் நாலரை. போருக்கு முந்தியது சட்டம் நேராக இருந்தால் ஐந்து, விரிசல் இருந்தால் பூச்சியம். முதல் வேகனாக எல்.எம்.எஸ். திறந்த வேகன் ஒன்றை எடுங்கள், இரண்டாவதாக அதே வேகனின் பிரிட்டிஷ் ரயில்வே காலத்து வடிவத்தைத் தேடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் புரட்டினால் மூன்றாவதாக எதைத் தேட வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.